மாதா முகத்துக்குப் போன துணி

என் தங்கச்சிக்கு நேராக ஒரு கோடு போட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரப்போவதையெல்லாம் படித்துவிட்டு, 'வேறொன்றுமில்லை, இவளுக்கு வயிற்றெரிச்சல்' என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். வயிற்றெரிச்சல்தான். அதற்காக அவளுக்குக் கோடு வராது என்பது பொய்யாகிவிடாது. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டு முழுக்க நான் வரைந்தது. தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் வெட்டுத் தோற்றம், முழங்கால் மூட்டு, எல்லாம். எனக்கு அப்போது கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வரைவேன், எதிரில் உட்கார்ந்து அவள் முறுக்குத் தின்பாள். 'வெரி குட்' அவளுக்கு.

அந்தத் தங்கச்சிதான் இன்று சைப்ரஸ் தீவில், ஒரு மலைக் கிராமத்தில், பல நூறு வருஷத்துப் பழைய மாதா கோயிலின் சுவர் ஓவியங்களைக் காப்பாற்றும் குழுவில் இருக்கிறாள். பைசாந்தியப் பேரரசின் காலத்தில் கட்டிய கோயில். வெளியே நின்று பார்த்தால் நம் ஊரில் பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கி போலத்தான் இருக்கும். கரடுமுரடான கல் சுவர், சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, குனிந்து நுழைகிற கதவு. உள்ளே போனால் தரையிலிருந்து கூரைவரை ஒரு சாண் இடம்கூட விடாமல் படம். குதிரைமேல் இருக்கும் புனிதர்கள், தாடி வைத்த கிழவர்கள், சிறகு விரித்த தேவதூதர்கள், ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் மஞ்சள் வட்டம். கிழக்குச் சுவர் அரை வட்டமாக உள்வாங்குகிற இடத்தில், எல்லோருக்கும் மேலே, மாதா இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள். நீள மூக்கு, சின்ன வாய், பெரிய கண். அந்தக் கண் நம்மைப் பார்ப்பதுபோலவும் இருக்கும், நமக்குப் பின்னால் யாரையோ பார்ப்பதுபோலவும் இருக்கும். இதெல்லாம் அவள் வீடியோ காலில் காட்டியது. நெட் விட்டு விட்டு வரும். அந்த அரைகுறைப் படத்தையும் போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

இவள் அங்கே படம் வரைகிறாளா என்றால், அதுவும் இல்லை. "புதுசா ஒரு கோடு போடக் கூடாதுக்கா. இருக்கறத இருக்கற மாதிரியே நிப்பாட்டணும், அம்புட்டுத்தான்" என்றாள். கோடு போட வராதவளுக்குக் கோடு போடக் கூடாது என்றே ஒரு வேலை! இதைக் கேட்ட அன்று நான் சோறு சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர், "ஒடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்கு எங்கே எரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் வரைந்த எங்கள் ஊர்க் கோபுரப் படத்துக்கு மாவட்டப் போட்டியில் முதல் பரிசு. டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளையை மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள், பால்கோவா கொடுத்தாள். "பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்பவா சார்? பொறவு பாப்போம்" என்று அனுப்பி வைத்தாள். பொறவு வந்தது என் கல்யாணம். எனக்கும் தங்கச்சிக்கும் ஏழு வயது வித்தியாசம். அந்த ஏழு வருஷத்துக்குள் மெட்ராஸ் கிட்டத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் கெமிஸ்ட்ரி படிக்க மெட்ராஸ் போனாள், அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து இத்தாலி. ஒவ்வொரு தடவையும் அம்மாதான் பஸ் ஸ்டாண்டுவரை போய், புளியோதரை கட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டாள். முன்னே பிறந்த காதைவிடப் பின்னே முளைத்த கொம்பு பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணி. தறியில் நெய்து வருகிற காடாத் துணியை வெளுத்து, காயவைத்து, மடித்து, வெட்டி, ரோல் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறோம். இருபது வருஷமாக என் கண் பார்ப்பது வெள்ளை மட்டும்தான்.

போன கோடையில் அவள் ஒருநாள் போன் செய்தாள். மாதா முகத்துக்குப் பின்னால் ஈரம் ஏறி, சுவரின் காரை உப்பிக்கொண்டு நிற்கிறதாம். தட்டினால் பப்படம் மாதிரி சத்தம் கேட்கிறதாம். பின்னால் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி ஒட்டவைக்க வேண்டும். அதுவரை முன்பக்கம் உதிராமல் இருக்க, மெல்லிய தாள் ஒட்டி, அதன்மேல் வலைத்துணியைப் பசையில் நனைத்துப் போர்த்துவார்களாம். வேலை முடிந்தபின் ஈரம் காட்டி உரித்துவிடுவார்களாம்.

"எலும்பு முறிஞ்சா மாவுக்கட்டுப் போடுற மாதிரியா?" என்றேன்.

"அதேதாங்கா. சுவர் வளைஞ்சு இருக்கதால வலைத்துணிதான் சரியா படியும். எங்க அக்கா கம்பெனியிலயே இருக்குன்னு எங்க தலைவிகிட்டச் சொல்லிட்டேன். ஐம்பது மீட்டர் அனுப்புக்கா. ஆனா கஞ்சி, சோப்பு, சென்ட்டு, நீலம் எதுவுமே இருக்கக் கூடாது. வெறும் பஞ்சு மட்டும். ஈரத்துல எது கரைஞ்சாலும் சுண்ணாம்பு உறிஞ்சிரும். பொறவு ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது."

எங்க அக்கா கம்பெனி! பெருமையாகச் சொல்லியிருப்பாள். எனக்கு அது 'எங்க அக்கா கட்டுத்துணி மடிக்கிறா' என்றுதான் காதில் விழுந்தது. ஆனாலும் சரி என்றேன். முதலாளியிடம் கேட்டதற்கு, "சர்ச்சுக்கா? கொண்டு போம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது அம்மாவிடம் இந்தத் துணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா பூஜை அலமாரியில் ஆண்டாள் படத்துக்குப் பக்கத்தில் அந்த சைப்ரஸ் மாதாவையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறாள். "வேளாங்கண்ணி மாதா மாதிரித்தான் இருக்கா. என்ன, செத்தக் கோவமா பாக்கா" என்று அதற்கும் ஒரு பூ. அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஜீரணமாகவில்லை. படத்தின்மேல் படிந்த மெழுகுவர்த்திப் புகையை எடுக்க, பஞ்சை நாக்கில் தொட்டு எச்சிலால் துடைப்பார்கள் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். "எச்சியா? சாமி மொகத்துலயா?" என்று அம்மா ரெண்டு நாள் ரசம்கூட வைக்கவில்லை. தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவேண்டாம் என்று எனக்குச் சத்தியம் வாங்கினாள்.

"துணிய இங்க கொண்டாட்டி. ஓரத்துல மஞ்சத் தடவித் தாரேன். சாமிக்குப் போற புதுத் துணி."

"எம்மா, ஒண்ணும் படக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. மஞ்சளும் கிடையாது, குங்குமமும் கிடையாது."

"மஞ்சத் தடவாத துணி என்ன துணி?" என்று முணுமுணுத்தாள். துணியை அவள் பக்கமே கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு கவனமாக இருந்தவள்தான் நான். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காடாத் துணியாக நானே பார்த்து எடுத்து, வெளுக்கிற பிரிவில் இருக்கிற அண்ணாச்சியிடம் கொடுத்தேன். முப்பது வருஷமாக அந்தத் தொட்டிகளோடு வாழ்கிறவர். "இது ஆஸ்பத்திரித் துணி இல்ல அண்ணாச்சி. வெளிநாட்டுக் கோயில்ல சாமி மொகத்துல போடுறது. ரொம்பச் சுத்தமா வேணும்" என்றேன். "அப்படியா தாயி? நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கையைத் துடைத்துவிட்டுத்தான் துணியை வாங்கினார்.

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை வந்தது. நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. தங்கச்சி வீடியோவில் பிள்ளைகளிடம் பேசுவாள், மேடையில் அம்மாவுக்குப் பொன்னாடை. நான் அம்மாவுக்குத் துணை. புதுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் பேப்பர் சுற்றிய சட்டம் ஒன்றோடு அம்மா ஆட்டோவில் ஏறினாள். என்ன அது என்றேன். "பள்ளிக்கூடத்துல பழைய படம் ஏதாவது இருந்தாக் கேட்டாக" என்றாள்.

மேடையில் பேப்பரைப் பிரித்தார்கள். என் கோபுரம். அந்த மாவட்டப் பரிசுக் கோபுரம். தலைமை ஆசிரியை அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "பாருங்க பிள்ளைகளா, சின்ன வயசுலயே இவங்க எப்படி வரைஞ்சிருக்காங்க! அதான் இன்னிக்கு உலகமே கூப்பிடுது" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திரையில் தங்கச்சியின் முகம், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோயிருந்தது. நெட் கட். அவள் அந்த வாயால் என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் அங்கே இருக்கவில்லை. பின் வரிசை வழியாக எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அது நான் வரைஞ்சதுன்னு ஏம்மா சொல்லல?"

"மேடையில வச்சு எப்படிட்டி இல்லன்னு சொல்ல? அந்த டீச்சரம்மா மொகம் என்னத்துக்காகும்? யாரு வரைஞ்சா என்ன, ரெண்டும் எம் பிள்ளைகதான" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தாள். எனக்கு அந்த பீரோவைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது. தங்கச்சி சுமந்த ரெக்கார்டு நோட்டு என் கை, அவளுக்கு வந்த கைதட்டல் என் கோபுரம், இப்போது மாதா முகத்துக்குப் போகப்போவதும் என் துணி. எனக்கு என்று இந்த உலகத்தில் என்னதான் மிச்சம்?

திங்கட்கிழமை காலையில் வெளுத்த துணி என் மேஜைக்கு வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருபது வருஷக் கண். ஆஸ்பத்திரித் துணி பால் ஆடை நிறத்தில் வெளுத்திருக்கும். இது வேட்டி வெள்ளை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஒரு டம்ளரில் வெந்நீர் எடுத்து, துணியின் ஓரத்தை அதில் முக்கி வைத்தேன். செத்த நேரத்தில் தண்ணீர் இளநீலமாக மாறியது.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி இருக்கு தாயி? பளிச்சுன்னு இருக்கில்ல? ஆசுபத்திரித் துணிக்கு நாம நீலம் விடுறதில்ல, அது புண்ணுக்குப் போறது. இது சாமிக்குச் சாத்துற துணின்னு நீதான சொன்ன? மங்கலா அனுப்புனா நம்ம ஊருக்குல்ல கேவலம்? அதான் கடைசித் தண்ணியில நல்லா நீலம் விட்டு எடுத்தேன்."

எங்கள் கம்பெனியில் நீலம் போடவே மாட்டார்கள் என்பதால்தான் நீலம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சாமி முகம் என்று சொன்னதும் நான்தான். அந்த மனிதரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பக்தியோடு செய்திருக்கிறார். "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அலச ஒரு நாள் போதும். மறுநாள் கூரியர் கொடுத்திருக்கலாம். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், நனைந்த ஓரத்தை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைத்தேன். அதை உள்சுற்றில் வைத்து மடித்தேன். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினேன். ஒட்டும்போது என் மனதில் ஒரு வார்த்தைதான் இருந்தது. ஏறட்டும். அந்த முகத்தில் நீலம் ஏறட்டும். கோடு போட வராதவள் கை வைத்த இடம் நாசமாயிற்று என்று ஊரே சொல்லட்டும். சாயந்தரம் நாலு மணிக்குக் கூரியர்காரப் பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

பத்து நாளில் பார்சல் போய்ச் சேர்ந்தது. அவள் போன் செய்தாள். "வந்துருச்சுக்கா! டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னாக. எங்க அக்கா கண்ணால பாத்து அனுப்புனது, டெஸ்ட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

டெஸ்ட் செய்து கண்டுபிடித்துவிடுவார்கள், தங்கச்சிக்கு நாலு பேர் முன்னால் ஒரு வசவு விழும், என் எரிச்சல் அதோடு அடங்கும். அப்படித்தான் உள்ளுக்குள் ஒரு மூலையில் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இவள் அந்த வழியையும் அடைத்துவிட்டாள். அன்றே சொல்லியிருக்கலாம். "நல்லது" என்று போனை வைத்துவிட்டேன்.

அதன்பின் ஒரு வாரத்துக்குமேல் எனக்கு எதிலும் புத்தி நிற்கவில்லை. ரோல்களின் எண்ணிக்கை தப்பியது. வீட்டில் குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். ஒவ்வொரு நாளும், 'இன்னும் போட்டிருக்க மாட்டாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்' என்பேன். மறுநாள் அந்தக் கைதட்டல் காதில் கேட்கும். வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை மதியம் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மாதாவின் முகம் மட்டும், ஒரு கை தூரத்திலிருந்து எடுத்தது. கீழே, 'நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இவங்களுக்குத் துணி போடுறோம்' என்று எழுதியிருந்தாள்.

சாப்பாட்டு நேரம். மடிப்புப் பிரிவில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இதுவரை வீடியோவில் ஆடி ஆடித் தெரிந்த முகம் இப்போது அசையாமல் நின்றது. இடது புருவத்தில் ஆரம்பித்த கோடு மூக்கின் நுனிவரை நிற்காமல் இறங்கியிருந்தது. ஒரே இழுப்பு. ஈரக் காரையில் வரைகிற படம் அது, காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும், அழிக்க முடியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் கீழே, மோவாய்ப் பக்கம், ஒரு கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மெல்லிய கோடு. அங்கே வரைந்தவன் தப்பாக ஆரம்பித்திருக்கிறான். உடனே திருத்தியிருக்கிறான். பல நூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவனின் கை தடுமாறிய இடத்தை ராஜபாளையத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்து பழகிய கைக்குத்தான் அது தெரியும். என் தங்கச்சிக்குத் தெரிந்திருக்காது என்று இப்போதும் பந்தயம் கட்டுவேன்.

மேஜையில் அட்டைப் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிற மார்க்கர் கிடந்தது. ஒரு பழைய அட்டையை எடுத்து அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். புருவத்திலிருந்து மூக்கு நுனிவரை, ஒரே இழுப்பில். கோடு நடுவில் வளைந்தது. இன்னொரு தடவை. மூக்கு தடித்தது. கல்யாணத்துக்குப் பின் எனக்காக நான் ஒரு படம்கூட வரைந்ததில்லை. பதினோராவது தடவையும் வரவில்லை. பேர் தெரியாத அந்த ஓவியன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. இப்படி ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே, படுபாவி! அந்தக் கோட்டின்மேல்தான் நான் நீலத்தை அனுப்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. தங்கச்சிக்காக நான் இரங்கினேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கோட்டுக்காகத்தான்.

உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. கோயிலுக்குள் சிக்னல் எப்போதாவதுதான் கிடைக்கும். சாயந்தரம் செய்தேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போகிற வழியில் மூன்று தடவை. பத்தரை மணி டீ இடைவேளையில், அங்கே எட்டு மணி ஆகிறது என்று தெரிந்ததும், டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். தறி ஷெட்டுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற வெயிலில் நின்றுகொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "ஏட்டி, அந்தத் துணியப் போட்டுறாத. அதுல நீலம் இருக்கு. இப்பத்தான் பாத்தேன். போட்டுறாத, கேட்டியா?"

கால் மணி நேரத்தில் வீடியோ காலில் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள், கன்னத்தில் சுண்ணாம்பு.

"போட்டுட்டியா?" என்றேன்.

"இப்பத்தான் பாத்தியாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல. பார்சல் கட்டும்போதே தெரியும்" என்றேன்.

"எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"வந்த அன்னைக்கு ஒங்கிட்டப் பேசிட்டுப் பிரிச்சேன். உள்சுத்து ஓரத்துல நனைஞ்சு காஞ்ச கறை இருந்துச்சு. கறையோட விளிம்புல மட்டும் நீலம் ஒதுங்கியிருந்துச்சு. நீ டம்ளர்ல முக்கிப் பாத்திருக்க. எங்க தண்ணி ஏறுச்சு, எதுவரைக்கும் ஏறுச்சு, எப்படிக் காஞ்சுதுன்னு கறையப் பாத்துச் சொல்லுறதுதானக்கா என் வேலையே."

எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். "தெரிஞ்சா அன்னைக்கே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப? இப்பத்தான் பாத்தேன்னுதான?"

காயப்போட்டிருந்த துணி காற்றில் என் முகத்தில் அடித்தது. விலக்கிக்கொண்டு நின்றேன்.

"நேத்து அந்த மொகத்த எதுக்கு ஒனக்கு எடுத்து அனுப்புனேன்னு நெனைக்க?" என்றாள். "என் வேலை போகட்டும்க்கா. வேற வேலை பாத்துக்கிடுவேன். அந்த மொகம் ஒன்னய என்ன பண்ணுச்சு?"

பதினோரு தடவை போட்டும் வராத அந்தக் கோடுதான் எனக்குக் கண்ணுக்குள் நின்றது.

"ஒம்பது தண்ணி அலசிட்டேன்" என்றாள் பிறகு. "கொதிக்கக் கொதிக்க. நீலம் சுத்தமாப் போயிருச்சு. டெஸ்ட்டும் பண்ணிப் பாத்துட்டோம். துணி போடுறதும் நேத்தே முடிஞ்சுருச்சு. நாளைக்குன்னு ஒனக்காகத்தான் எழுதுனேன்."

"வேற துணி கேட்டிருக்கலாமே."

"யார்கிட்டக் கேக்க? திரும்ப ஒங்கிட்டதான?"

போனைத் திருப்பிக் காட்டினாள். சாரத்தின் உச்சியில் நின்றிருக்கிறாள். அந்த வளைவில், விரித்த இரண்டு கைகளுக்கு நடுவில், முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. நான் பார்த்து எடுத்த துணி. இழை இழையாக எனக்குத் தெரியும். அதற்குக் கீழே மாதாவின் முகம் பத்திரமாக இருந்தது. துணியின் விளிம்பை அவள் கோணலாக வெட்டியிருந்தாள்.

"அந்த நீல ஓரம்?" என்றேன்.

"வெட்டிட்டேன்."

"தூரப் போட்டுட்டியா?"

"இல்ல. வச்சிருக்கேன்."

எதற்கு என்று கேட்பதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேங்கா, வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டாள். அண்ணாச்சி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தார். "சாமிக்குத் துணி சாத்தியாச்சா தாயி? நல்லா வெளிச்சமா இருக்காமா?" என்றார். "ஆச்சு அண்ணாச்சி. நல்லா இருக்காம்" என்றேன். அவர் அந்தத் திசை எது என்று தெரியாமலே பொதுவாக மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். இன்றுவரை இரண்டும் செய்யவில்லை. போன மாதம் வந்திருந்தபோதுகூட என் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள், நான் வைத்த மீன்குழம்பை நல்லா இருக்கு என்று சாப்பிட்டாள். அப்படிப் பெரிய மனசாக இருக்க அவளுக்கு முடிகிறது. எனக்கு அதுவும் முடியாது. இப்போது அதற்கும் சேர்த்து எரிகிறது. அந்த நீல ஓரத்துண்டு அவளிடம்தான் இருக்கிறது. தா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.